கப்பல்தான் போகிறது

சிவப்பா மஞ்சளா என்று காலையிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்தாள் ஜெனோவா. கடைசியில் சிவப்புதான் ஜெயித்தது. ஜெயித்த சிவப்பு இப்போது அவள் காலடியில், பழைய செய்தித்தாளின் மேல், காய்ந்துகொண்டிருக்கிறது. பெயின்ட் எதற்கும் அவசரப்படாத பொருள், அதுவும் காற்றில் பாதி தண்ணீராக இருக்கிற கடற்கரையில். மணிக்கட்டுப் பருமனில் ஒரு இரும்பு ஆணி அது. சக்கரத்து ஓட்டையில் செருகினால் சக்கரமும் தண்டவாளமும் பூட்டிக்கொள்ளும், எடுத்தால் விட்டுவிடும், அவ்வளவுதான் அதன் படிப்பு. ஆனால் துருப்பிடித்த ஆணியைப் பார்க்கிற குழு கட்டடமே துருப்பிடித்தது என்று நினைத்துக்கொள்ளும், சிவப்பாக இருந்தால் ‘ஆகா, பாதுகாப்பெல்லாம் பார்த்திருக்கிறாள்’ என்று தலையாட்டும். கட்டடக்கலைஞர்களுக்குக் கண்ணுக்குத் தெரிவதில்தான் உயிர். ஜெனோவாவுக்குக் கொஞ்சம் அதிகமாகவே. அதனால்தான் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஆணியைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு பூச்சு கொடுத்துக் காயவைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழு வரும் வரை கடலைப் பார்க்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்ன மணிக்கு வந்தால் அது குழுவே இல்லை.

கூடம் என்றால் சக்கரத்தின் மேல் நிற்கிற கூடம். புன்னைத்துறையின் பழைய துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த கப்பல்கள் எல்லாம் பெரிய துறைமுகத்துக்குப் போய்விட்ட பிறகு, சரக்கு இறக்கிய கிரேன்களை வெட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள், ஆனால் அவை ஓடிய தண்டவாளத்தை யாரும் பெயர்க்கவில்லை. சரக்கு அடுக்கிவைத்த தெற்குக் கிட்டங்கியிலிருந்து வடக்கு வாசல் வரைக்கும் கடலை ஒட்டி நேராகப் படுத்துக் கிடக்கிறது. இந்த இடத்தை என்ன செய்யலாம் என்று துறைமுகக் குழு கேட்டபோது மற்ற கட்டடக்கலைஞர்கள் கண்ணாடி மாளிகை போட்டார்கள், ராட்டினம் போட்டார்கள், கன்டெய்னர் பெட்டிகளை அடுக்கி காபிக்கடை போட்டார்கள். ஜெனோவா எதையும் போடவில்லை. தண்டவாளத்தின் மேல் ஒரு கூடத்தை ஏற்றி அதை நகரவிட்டாள், வரைபடத்தில்தான். காலையில் மீன் ஏலம் நடக்கிற வடக்கு வாசலில் அது ஏலக் கொட்டகை. வெயில் ஏற ஏற ஊர்ந்து வந்து கிட்டங்கிச் சுவரின் நிழலில் நின்றால் வலை பின்னுகிற இடம். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன், சனிக்கிழமை யாருக்காவது கல்யாண நிச்சயம். துறைமுகத்தில் என்றைக்கு எந்தப் பொருள் ஒரே இடத்தில் கிடந்தது? மூட்டை நகர்ந்தது, கப்பல் நகர்ந்தது, கிரேன் நகர்ந்தது. கட்டடம் மட்டும் ஏன் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வி அவளுக்கு முதலில் வந்தது ஒரு பேருந்தில். பக்கத்தில் இருந்த பெண் வெயில் திரும்பத் திரும்ப இருக்கை மாறி மாறி உட்கார்ந்துகொண்டே வந்தாள், கோவில்பட்டி தாண்டுவதற்குள் நான்கு இருக்கை. நிழலுக்காக மனிதர்கள் இவ்வளவு நடக்கிறார்களே, நிழல் மனிதர்களுக்காக நடந்தால் என்ன? அந்தக் கேள்வியின் மேல் அவளுக்கு இன்றும் ஆசை தீரவில்லை. தூக்கிப் பார்க்கிறாள், திருப்பிப் பார்க்கிறாள், அது இன்னும் புதிதாகவே இருக்கிறது.

ஆனால் கேள்வி கேட்பவள் அவள் மட்டும்தானா? போன கூட்டத்தில் சங்கரபாண்டியன் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பொதுப்பணித் துறையில் பாலம் பாலமாகக் கட்டி ஓய்வு பெற்றவர், குழுவுக்கு அவர்தான் தலைவர். அட்டையில் செய்த மாதிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லாத்தான்மா இருக்கு. யாரு தள்ளுவா?” என்றார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. ஜெனோவா மோட்டார் என்றாள். “மோட்டார் ரிப்பேர் ஆனா?” கையால் தள்ளலாம் என்றாள். “யாரும்மா தள்ளுவா?” மறுபடி சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அவர் கொஞ்சம் இரக்கத்தோடுதான் சொன்னார்: “ஒரு மாதிரிக் கூடம் செஞ்சு வை, நாங்க வந்து பாக்குறோம். இல்லைன்னா நாலு போல்ட்டை அடிச்சுத் தரையோட பூட்டிரு, இன்னிக்கே கையெழுத்துப் போடுறேன்.” நாலு போல்ட். அவளுடைய ஐந்து வருஷத்தை மூட நாலு போல்ட் போதும். பூட்டினால் கூடம் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், திறப்பு விழாவில் அவளுக்கு ஒரு பொன்னாடை இருக்கும். நகராது. நகராத கூடம் ஊர் முழுக்கக் கிடக்கிறதே, அதற்கு எதற்கு ஜெனோவா? இன்றைக்குத் தள்ளிக் காட்ட வேண்டும். மூங்கிலும் கித்தானுமாக ஒரு கூடம், அடியில் பழைய கிரேனின் சக்கரங்கள், நேற்று முழுக்கத் தேடித் தேடி மசகு போட்டாயிற்று, வாசல் காவலர் இருதயம் ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, “வெண்ணெ மாதிரிப் போவுது மேடம்” என்றுகூடச் சொல்லிவிட்டார். இருந்தும் யாரு தள்ளுவா, யாரு தள்ளுவா என்று அந்தக் குரல் காதுக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடும்போது கேட்கிறது. ஆணிக்குப் பெயின்ட் அடிக்கும்போது கேட்டது.

அப்பாவிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். காற்று. அதனால்தான் அவரிடம் கேட்கவில்லை. அப்பா கஸ்பார் இதே தண்டவாளத்தின் மேல் கிரேன் ஓட்டியவர், இப்போது சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார், ஜெனோவா ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வந்த புயலுக்குப் பிறகு துறைமுக வாசலைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததில்லை. அன்றைக்கு வாடைக்காற்று திடீரென்று ஏறியது. கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் அவர். சக்கரத்துக்கு ஆணி போட்டாயிற்று என்று அவர் சொன்னார், போடவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை, அந்த ஆணியும் கிடைக்கவே இல்லை. கிரேன் அவரைத் தூக்கிக்கொண்டு வடக்கிலிருந்து தெற்கு வரைக்கும் தன்னால் ஓடியது, கடைசித் தடுப்பில் முட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. யாருக்கும் காயமில்லை, அவருடைய வேலைக்குத்தான் காயம். விசாரணையில், இறங்கியிருக்கலாமே, மணி அடித்திருக்கலாமே, ஏன் சும்மா உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டார்கள். அவர், “கப்பல்தான் போவுதுன்னு நெனச்சேன் சார்” என்றார். எதிரே நின்ற சரக்குக் கப்பல் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு மெல்லப் புறப்பட்டதாம், இந்த மழையில் எங்கே போகிறது என்று இவர் வேடிக்கை பார்த்தாராம். தூங்கிவிட்டார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஜெனோவாவுக்குத் ‘தூக்கக் கிரேன்’ என்று பட்டம். அது கூடப் பரவாயில்லை. ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன்னால் அவர் மறுபடியும் கப்பல் கதையை ஆரம்பித்தபோது, பதினோரு வயசு ஜெனோவா, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, “நாம நகந்தா நமக்குத் தெரியாதாப்பா?” என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தார். அதற்குப் பிறகு கப்பல் கதையை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

தெரியாதா, தெரியுமா. அவள் இந்த இடத்தில் எப்போதும் முட்டிக்கொள்வாள். ஒரு மலையளவு இரும்பு, அதற்கு மேலே ஒரு மனுஷன், அது ஓடுகிறது, அவனுக்குத் தெரியவில்லை என்றால் எப்படி? குலுங்காதா, வயிறு கலங்காதா? அப்பா பொய் சொல்கிறவர் இல்லை, பஞ்சரே இல்லாத ட்யூபைப் பஞ்சர் என்று சொல்லத் தெரியாததால்தான் கடை இன்னும் ஓலைக் கூரையாக இருக்கிறது. அப்படியானால் தூங்கித்தான் இருக்க வேண்டும், தூக்கத்தில் கண்ட கனவைக் கப்பல் என்று நினைத்திருக்க வேண்டும். பாவம், கனவு காண்பது குற்றமா? இப்படித்தான் அவள் அவரை மன்னித்து வைத்திருந்தாள். மன்னிப்பது என்பது நம்பாமல் இருப்பதற்கு ஒரு மரியாதையான பெயர். இது அவளுக்கும் தெரியும், தெரிந்ததால்தான் படிப்பு முடித்து எந்த ஊரிலோ எந்தக் கட்டடமோ கட்டிக்கொண்டிருக்க வேண்டியவள் இந்தத் தண்டவாளத்தின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். நேற்று ராத்திரி, “அப்பா, நாளைக்கு வாங்களேன், கூடத்தைப் பாக்கலாம்” என்றபோது கஸ்பார் கொசுவலையை இழுத்து விட்டபடி, “ஆணி இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றாள். “போடணும்” என்றார், திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெயில் கொஞ்சம் இறங்கிவிட்டது. கித்தான் சுவர் தெற்குப் பக்கம் லேசாக உப்பி உப்பி அடங்குகிறது. பாய்மரத்துணி, தேடி வாங்கியது, அதன் பழுப்பு நிறத்துக்கு அவள் அடிமை. சோழகம், தெற்கத்திக் காற்று, ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, நல்லது, பெயின்ட் சீக்கிரம் காயும். கூடத்தின் கிழக்குப் பக்கத்தை மட்டும் அவள் முழுக்கத் திறந்து விட்டிருந்தாள், கடலுக்கு ஒரு சட்டம் போட்ட மாதிரி. சட்டத்துக்குள் தண்ணீர், தண்ணீரில் எதிர்த் துறையில் கட்டிக் கிடக்கிற தூர்வாரும் கப்பல். செத்த கப்பல். வழக்கு நடக்கிறது என்று கேள்வி, யார் யாருக்கு நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெயர் அழிந்து, உடம்பெல்லாம் நாரைகள் எச்சம் போட்டு, சங்கிலியில் பாசி தொங்க, அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்து அதே இடத்தில் நிற்கிறது. அதையும் வரைபடத்தில் சேர்த்திருந்தாள், மேல்தளத்தில் ஒரு நூலகம் வைக்கலாமே, புத்தகம் படிக்கிறவர்களுக்கு லேசாக ஆடினால் பிடிக்கும் என்று தோன்றியது, குழுவுக்குத் தோன்றவில்லை. எங்கோ மூங்கில் ‘டக்’ என்றது. வெயிலில் காய்ந்த மூங்கில் பேசும். நாரை ஒன்று கப்பலின் மூக்கிலிருந்து பறந்து வால் பக்கம் போய் உட்கார்ந்தது. கண் சொக்குகிறது, ஆனால் தூங்கவில்லை, சத்தியமாகத் தூங்கவில்லை, பெயின்ட் வாசனைகூட மூக்கில் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. டக். பிறகு பார்த்தால் கப்பலின் மூக்கு சட்டத்தின் வலது ஓரத்தைத் தாண்டி இருக்கிறது. அட, என்று ஜெனோவா நினைத்தாள். தீர்ப்பு வந்துவிட்டதா? இழுத்துக்கொண்டு போக ஆள் வந்தாயிற்றா? இழுவைப் படகைக் காணோமே, அந்தப் பக்கம் இருக்கும். சங்கிலியை எப்போது அவிழ்த்தார்கள்? இத்தனை வருஷம் கழித்து, இவ்வளவு சத்தமில்லாமல், தண்ணீர்கூடக் கலையாமல், தெற்கு நோக்கி எவ்வளவு அழகாகப் போகிறது. அவளுக்கு மனசெல்லாம் ஒரு சந்தோஷம். நூலகம் போனால் போகிறது, போகட்டும், போகிற கப்பலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. கையை உயர்த்தி டாட்டா காட்டலாமா என்றுகூட யோசித்தாள். அப்போது சட்டத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு இரும்புக் குற்றி உள்ளே வந்தது. கயிறு கட்டுகிற குற்றி, கரையோடு கரையாகக் கான்கிரீட்டில் நட்டது. மெல்ல வந்தது, நடுவில் நின்ற மாதிரி இருந்தது, வலது பக்கம் போய் மறைந்தது. அடுத்து இன்னொன்று வந்தது. கப்பல் போகலாம். குற்றி நடக்காது.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. ஓ, தெரியாது என்பது. தெரியவே தெரியாது. கூரை கூடவே வருகிறது, பலகை கூடவே வருகிறது, செய்தித்தாள், பெயின்ட் டப்பா, தன் நிழல், எல்லாம் கூடவே வரும்போது போகிறது எதுவென்று எதைக் கொண்டு சொல்வது? பிறகுதான் கண் காலடிக்குப் போனது. செய்தித்தாளின் மேல், சிவப்பாக, பளபளவென்று, ஆணி. பயம் அப்போதுதான் வந்தது, மொத்தமாக வந்தது. தூரத்தில் இருதயம், “மேடம்! மேடம்! கட்டடம் போவுது!” என்று கத்திக்கொண்டே, காக்கிச் சட்டையின் பொத்தான் ஒரு பக்கமும் தொப்பை ஒரு பக்கமுமாக ஓடி வருகிறார். ஈரப் பெயின்ட்டோடு ஆணியை அள்ளிக்கொண்டு ஜெனோவா கீழே குதித்தாள். சக்கரத்தோடு சேர்ந்து ஓடினாள். உருளுகிற சக்கரத்தில் ஓட்டை மேலே வருகிறது, கீழே போகிறது, இந்தா பிடி என்று காட்டிவிட்டு நழுவுகிறது. ஆணியை நிற்கிற சக்கரத்தில்தான் போட முடியும் என்பதும், நிற்கிற சக்கரத்தைப் பார்த்தால் ஆணி ஞாபகம் வராது என்பதும் ஓட ஓட ஒன்றாக மண்டையில் இறங்கின. இருதயம் வந்து மூங்கிலைப் பிடித்துத் தொங்கினார், அவரையும் சேர்த்துக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், வடக்கு வாசல் தடுப்புக்கட்டையில் முட்டி, ஒரு மூங்கில் மட்டும் கழன்று விழ, கூடம் நின்றது. வாசலில் இரண்டு கார். முதல் காரின் கதவைப் பாதி திறந்தபடி சங்கரபாண்டியன் சார் நின்றுகொண்டிருந்தார்.

அவர் கூடத்தைப் பார்த்தார். கூடத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. “யாரும்மா தள்ளுனா?” என்றார், இந்தத் தடவை சிரிக்காமல். ஒத்திகை பார்த்தோம் சார் என்ற பதில் ஜெனோவாவின் நாக்கு நுனிக்கு ரெடிமேடாக வந்து நின்றது. இருதயமும் அதைத்தான் எதிர்பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டே தலையை ஆட்டத் தயாராக இருந்தார். சொன்னால் நம்புவார்கள். சொல்லாவிட்டால் நாலு போல்ட். அவள் உள்ளங்கையைப் பார்த்தாள், சிவப்பு பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ஒரு அறையில், ஒரு மேசைக்கு எதிரே, மழையில் நனைந்த சட்டையோடு நின்று உண்மையைச் சொன்ன ஒரு மனுஷனை நினைத்தாள். “யாரும் தள்ளல சார். காத்து. பெயின்ட் அடிக்க ஆணியக் கழட்டுனேன், மாட்ட மறந்துட்டேன். உள்ளதான் உக்காந்திருந்தேன், தூங்கல. கப்பல்தான் போவுதுன்னு நெனச்சேன்.” சங்கரபாண்டியன் சார் திரும்பி எதிர்த் துறையைப் பார்த்தார். “அந்தக் கப்பலா? அது எம் மவ கல்யாணத்துக்கு முன்னாலேருந்து அங்கனதானம்மா நிக்கிது.” ஆனாலும் அவர் மனசில் ஏதோ மாட்டிக்கொண்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார், அவள் உட்கார்ந்த பலகையிலேயே உட்கார்ந்து, சட்டத்துக்குள் தெரிந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தெரியலையா உனக்கு?” “தெரியல சார்.” “குலுங்கல?” “டக்குன்னு ஒரு சத்தம். மூங்கில்னு நெனச்சேன்.” அவர் தாடையைச் சொறிந்தார். “போல்ட்டுன்னு எழுதிட்டுத்தான் வந்தேன். இப்ப ஒருத்தி ஆணி போட மறந்தான்னு வேற ஆயிப்போச்சு. நீயே சொல்லு, நாளைக்கு உள்ள பிள்ளைக உக்காந்திருக்கும், மறக்காத ஆளு எங்கேருந்து கொண்டாருவ?” “மறக்காத ஆளு கிடையாது சார்,” என்றாள் ஜெனோவா. சொல்லச் சொல்லத்தான் அது அவளுக்கே தெரிந்தது. “ஆணிய நம்புனதுதான் தப்பு. மறக்கிற ஆளுக்குத் தக்கனதான் சக்கரம் செய்யணும். ஒரு கை அழுத்திக்கிட்டே இருந்தாத்தான் உருளணும். கைய எடுத்தா தன்னால நின்னுரணும். நீங்க தள்ளுறது யாருன்னு கேட்டீங்க. நிப்பாட்டுறது யாருன்னு நான் யோசிக்கவே இல்ல.” அவர் எழுந்தார், இறங்கினார், செருப்பில் கால் நுழைத்துக்கொண்டே, “அந்தச் சக்கரத்த செஞ்சு காட்டு. போல்ட்ட அப்புறம் பாப்போம்” என்றார். காருக்குப் போகும் வழியில் ஒரு தடவை நின்று, கப்பலைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கார்கள் போனதும் அவள் ஆணியைச் செருகினாள், இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள். தடுப்புக்கட்டையின் மேல் உட்கார்ந்து, சிவப்பு ஒட்டாத விரலால் அப்பாவின் நம்பரை அழுத்தினாள். அங்கே ட்யூபுக்குக் காற்றடிக்கிற சத்தம். “என்னட்டி, வந்துட்டாவளா? என்ன சொன்னாவ?” என்றார் கஸ்பார். சொல்ல நிறைய இருந்தது, சக்கரம், போல்ட், ஒரு மூங்கில் போனது. அவளுக்கு வேறொன்றுதான் வந்தது. “அப்பா, நான் உள்ள உக்காந்திருந்தேன். கூடம் காத்துல நவுந்திருச்சு. எனக்குத் தெரியவே இல்லப்பா. கப்பல்தான் போவுதுன்னு நெனச்சேன்.” காற்றடிக்கிற சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து மறுபடி வைத்தாள்.

“எந்தப் பக்கமாப் போச்சு?” என்றார்.

“தெக்க.”

“எனக்கு வடக்க போச்சுட்டி,” என்றார் கஸ்பார். “விளக்கெல்லாம் போட்டுக்கிட்டு. அவ்வளவு அழகாப் போச்சு.”